உஷார்! மஞ்சள் பூத்த லென்ஸைப் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள்

பழைய கேமரா ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். லென்ஸில் டீத்தண்ணீர் நிறத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது, அல்லது ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை. உடனே அதைக் கழற்றி, தெரிந்தவர் ஷெட்டில் உள்ள பஃபிங் வீலில் ஒரு தடவை காட்டினால் பளிச்சென்று ஆகிவிடும் என்று தோன்றுகிறதா? வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கலாம். தோரியம் கதிரியக்கப் பொருள்.

இந்த எச்சரிக்கை எல்லா ஊருக்கும் பொதுதான். ஆனால் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இதை இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகள் இங்கே உண்டு. அவற்றைச் சுற்றி சிப்காட்டிலும் சிட்கோவிலும் ஜாப் ஒர்க் செய்யும் சின்னச் சின்ன ஷெட்டுகள். லேத், சர்ஃபேஸ் கிரைண்டர், லேப்பிங் மெஷின், பஃபிங் வீல் எல்லாமே நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். ஐடிஐ முடித்த ஃபிட்டர், டர்னர், டூல் ரூமில் மைக்ரான் கணக்கில் வேலை பார்த்த கைகள், 1980களிலிருந்து கைக்கடிகாரம் செய்து பழகிய கைகள். இந்த ஊரில் எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்க யாரும் அஞ்சுவதில்லை. அது இந்த மண்ணின் பெருமை. பழைய மீடியம் ஃபார்மட் கேமராவின் முன்னால் மட்டும் அந்தத் துணிச்சல் ஆபத்தாகிவிடுகிறது.

மீடியம் ஃபார்மட் என்றால் 120 ரோல் ஃபிலிம் போடுகிற கேமரா. நம் வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 அந்த வகைதான். ஒரு ரோலுக்கு சதுரமாகப் பன்னிரண்டு படம். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் நமக்கு ஃபிலிம் தந்த காலமும் உண்டு. அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. டிஜிட்டலில் அலுத்துப்போன இளைஞர்கள் இப்போது ஜப்பானிலிருந்தும் பெங்களூருவின் பழைய சாமான் கடைகளிலிருந்தும் யாஷிகா மேட், மாமியா, பென்டாக்ஸ் 6×7, கீவ் 88 என்று தேடி வாங்குகிறார்கள். நல்ல ஆசை. அந்தப் பெரிய நெகட்டிவில் கிடைக்கும் விவரம் வேறு எதிலும் எளிதில் கிடைக்காது. வாங்குங்கள், படம் எடுங்கள். ஆனால் கையில் எடுத்திருப்பது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

லென்ஸில் தோரியத்தை ஏன் கலந்தார்கள்? தோரியம் ஆக்சைடு சேர்த்த கண்ணாடி ஒளியை அதிகமாக வளைக்கும், ஆனால் நிறங்களை அவ்வளவாகப் பிரிக்காது. லென்ஸ் வடிவமைப்பவருக்கு அது வரம். இரண்டாம் உலகப் போரின்போது விமானத்திலிருந்து படம் எடுக்க கோடக் செய்த ஏரோ எக்டார் லென்ஸில் அது இருக்கிறது. 1969இல் வந்த பென்டாக்ஸ் 6×7 கேமராவுக்கான சூப்பர் டாக்குமார் 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸிலும் இருக்கிறது. இன்று மீடியம் ஃபார்மட் பிரியர்கள் அதிகம் விரும்பித் தேடுகிற லென்ஸ்களில் அது ஒன்று என்பதால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன். 35 மி.மீ. கேமராக்களின் பழைய டாக்குமார், கேனான் லென்ஸ்களிலும் சில இந்த ரகம். 1980களுக்குள் இந்த வழக்கம் அநேகமாக நின்றுபோனது. ஆனால் தோரியம் தன் வீரியத்தில் பாதியை இழக்கவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். கேமரா பழசாகிவிட்டது, இனி என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பது தப்புக்கணக்கு.

அதற்காக வைத்திருக்கிற லென்ஸைத் தூக்கி எறிய வேண்டாம். கண்ணாடி முழுசாக இருக்கும்வரை பயம் மிகக் குறைவு. தோரியம் முக்கியமாக வெளிவிடுவது ஆல்ஃபா கதிர். ஒரு தாளைக்கூட அதனால் தாண்ட முடியாது. அதன் வழித்தோன்றல் தனிமங்களிலிருந்து பீட்டா, காமா கதிர்களும் வருகின்றன. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் படம் எடுப்பவருக்கு அவற்றால் வரும் அளவு சொற்பம். நம் பாட்டன் காலத்தில் கல்யாணப் பந்தலிலும் திருவிழாவிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலிலும் தோரியம்தான் இருந்தது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டிலும் அதே தோரியம்தான்.

தூளானால் கதையே மாறிவிடும். தாளைத் தாண்டாத ஆல்ஃபா கதிர், அதே பொருள் நுண்தூளாகி மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிட்டால், பக்கத்தில் இருக்கும் செல்களை நேராகத் தாக்கும். அங்கே தடுக்கத் தாளும் இல்லை, தோலும் இல்லை. கிரைண்டரும் பஃபிங் வீலும் செய்கிற வேலையே தூளாக்குவதுதான். ஷெட்டில் பக்கத்து மெஷினில் நிற்கும் தம்பிக்குத் தன் மூக்கில் ஏறுவது என்ன தூள் என்றே தெரியாது. அது தரையிலும் துணியிலும் படிந்து வீடு வரைக்கும் போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? லென்ஸை வெள்ளைத் தாளின் மேல் வைத்து அதன் வழியாகத் தாளைப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பல பத்தாண்டுகளாக உள்ளிருந்து வந்த கதிர்வீச்சே கண்ணாடியை அப்படிக் கறுக்கவைக்கிறது. மஞ்சள் இல்லை என்பதால் தோரியம் இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். முன்னால் வைத்திருந்தவர் புற ஊதா விளக்கில் காட்டி நிறத்தை வெளுக்கவைத்திருக்கலாம். கதிரியக்கம் அப்படியே இருக்கும். லென்ஸின் பெயரையும் மாடலையும் வைத்து விசாரிப்பதும், கெய்கர் கருவி வைத்திருப்பவரிடம் காட்டுவதும்தான் உறுதியான வழி.

நிறத்தைப் போக்க வெயிலில் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மொட்டை மாடியில் லென்ஸை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். அது பூதக்கண்ணாடியாக மாறி வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும். பக்கத்தில் காய்கிற துணியோ அட்டைப் பெட்டியோ பற்றிக்கொள்ளும். பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடி, ஆள் பார்வையில் வையுங்கள். அதைவிடச் சுலபமான வழி, கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு அந்த மஞ்சளோடேயே எடுப்பது. நீலவானம் அழகாக அடர்ந்து வரும்.

லென்ஸ் கீழே விழுந்து உடைந்துவிட்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, கையை நன்றாகக் கழுவுங்கள். பழைய இரும்புக்கடைக்கு மட்டும் போடவே போடாதீர்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் ஒரு பழைய ஆய்வகக் கருவியை என்னவென்று தெரியாமல் இரும்புக்கடையில் பிரித்தார்கள். உள்ளே இருந்த கோபால்ட் 60 ஓர் ஏழைத் தொழிலாளியின் உயிரைக் குடித்தது. வீரியத்தில் அதற்கும் நம் லென்ஸுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும், தெரியாத பொருளைத் தெரியாதவர் தலையில் கட்டுவது அங்கேயும் இங்கேயும் ஒரே குற்றம்தான்.

சரி, தோரியம் இல்லாத லென்ஸ்தான், தேய்க்கலாமா என்றால் அதற்கும் வேண்டாம் என்பதே பதில். டூல் ரூம்காரர்களுக்கு அவர்கள் கணக்கிலேயே சொல்கிறேன். லென்ஸின் மேல் உள்ள பழைய ஒற்றைப் பூச்சின் கனம் ஒரு மைக்ரானில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பஃபிங் வீல் தொட்ட நொடியில் அது போய்விடும். அதற்கடியில் உள்ள வளைவும் ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பின்னம் அளவுக்குத் துல்லியமாகச் செய்தது. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும், ஆனால் படம் மசமசவென்று வரும். பூஞ்சை வராமல் காப்பதுதான் புத்திசாலித்தனம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஓசூரில் ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் கேமராவுக்கு ஆகாதவை. தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பூஞ்சை கண்ணாடியை அரித்துவிடும். உறையிலிருந்து எடுத்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அதிகம் செலவில்லை.

ஷட்டருக்கு வருவோம். கடிகார வேலை தெரிந்தவர்களே, உங்களுக்குத்தான் இது. காம்பூர், கோபால் போன்ற லீஃப் ஷட்டரைத் திறந்தால் உள்ளே பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் பார்த்துக் கை துறுதுறுக்கும். வேகம் குறைந்த ஷட்டருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடத் தோன்றும். அதன் இதழ்கள் காய்ந்த நிலையில் ஓடவேண்டியவை. எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவ ஷெட்டில் இருக்கிற டிகிரீசரை எடுக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. தின்னர் ஊற்றினால் லென்ஸ்களை ஒட்டியிருக்கும் பசையும் பெயின்ட்டும் கரைந்து போகும். ஜப்பானியக் கேமராவின் பிளஸ் திருகுகளும் நம் கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கித் தலை சிதைந்தால் அந்தத் திருகைத் துளைபோட்டுத்தான் எடுக்கவேண்டும்.

இயக்குவதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கீவ் 88இல் ஃபிலிமைச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்றவேண்டும், மாற்றிச் செய்தால் உள்ளே உடையும். பழைய காம்பூர் ஷட்டர்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறு. 500 என்ற உச்ச வேகத்தை ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும், ஏற்றிய பிறகு பலவந்தமாகத் திருப்பக்கூடாது. ஹாசல்பிளாட் 500 சி/எம் கேமராவில் பாடியும் லென்ஸும் இரண்டுமே ஏற்றிய நிலையில் இருந்தால்தான் மாட்டவோ கழற்றவோ வேண்டும். இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். இறுகினால் அழுத்தம் கொடுக்காதீர்கள், நிறுத்திவிடுங்கள்.

யாஷிகா மேட் 124 ஜி, ரோலிஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களின் முன்தகட்டைக் கழற்றினால் அடியில் மெல்லிய ஷிம்கள் இருக்கக்கூடும். எது எந்த மூலையில் இருந்தது என்று குறித்துவைக்காமல் எடுத்தால் தீர்ந்தது. மேல் லென்ஸில் துல்லியமாகத் தெரிகிற முகம் கீழ் லென்ஸ் எடுக்கும் ஃபிலிமில் மங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு விலகினாலே போதும். பன்னிரண்டு படமும் வீணான பிறகுதான் அது தெரியவரும்.

அந்த யாஷிகாவின் லைட் மீட்டருக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை 2018இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கேமராவின் அறைக்குள் அந்தப் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வாயால் ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள், சூடாக்காதீர்கள். கையுறையோடு எடுத்து மின்கழிவு வாங்குவோரிடம் தனியாகக் கொடுங்கள். மாற்றாக 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் தவறான அளவு காட்டி ஏமாற்றும். காதுக் கருவிக்குப் போடும் 675 ஜிங்க் ஏர் பேட்டரி அளவில் பொருந்தும்படி ஒரு வளையத்தோடு போட்டால் ஓரளவு சரியாக வரும். வேலை தெரிந்தவர்கள் லேத்திலேயே அந்த வளையத்தைக் கடைந்துகொள்ளலாம். உங்கள் கைத்திறமைக்கு ஏற்ற வேலை இதுதான்.

கடைசியாக, வீட்டிலேயே ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு. மெட்டால் என்ற வேதிப்பொருள் கலந்த டெவலப்பர் சிலருக்குத் தோலில் தீராத அரிப்பைக் கொண்டுவரும், வெறுங்கையை விடாதீர்கள். அதைவிட முக்கியம், பயன்படுத்தி முடித்த ஃபிக்ஸர். ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது. அந்த வெள்ளி நீரில் வாழும் உயிர்களுக்குக் கேடு. பெங்களூருவின் கழிவு ஏற்கெனவே தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் நாம். அந்த ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கும், அதன் பாசன வயல்களுக்கும் போகிறது. ஒரு புகைப்படக்காரரின் லிட்டர் கணக்கு அதன் முன்னால் சின்னதுதான். சின்னது என்று ஊற்றுகிற ஒவ்வொருவரும் சேர்ந்துதான் அந்த ஆறு இந்தக் கதிக்கு வந்திருக்கிறது.

ஃபிக்ஸரை மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் சேர்த்துவையுங்கள். ஃபிலிமில் எக்ஸ்-ரே எடுக்கும் இடங்களில் பயன்படுத்திய ஃபிக்ஸரை வெள்ளிக்காக வாங்கிப் போகிறவர்கள் உண்டு. பக்கத்தில் அப்படி யாராவது வருகிறார்களா என்று விசாரியுங்கள். ஆள் கிடைக்கும்வரை கேன் மூலையில் இருக்கட்டும். சாக்கடையில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள்.