உங்களுக்குத் தெரியுமா? பனிச்சுவர் இருந்த இடத்தில் கப்பல்!

1794-இல் கடலோடி வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது, அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடாவை வாயிலிலேயே பனிச்சுவர் அடைத்து நின்றது. அது 100 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியதால்தான் இன்று சுற்றுலாக் கப்பல்கள் உள்ளே போகின்றன. அதுவும் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை.

மேல்தளத்தில் நிற்பவர்களை மயக்குவது அங்குள்ள மார்ஜரி பனியாற்றின் நீலம். பல்லாண்டு அழுத்தத்தில் காற்றுக் குமிழிகள் நசுங்கி இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்கு எட்டுவது நீலம் மட்டுமே. திடீரென்று ஒரு பெரும்பாளம் சரியும். விழுவது முதலில் தெரியும், முழக்கம் சற்றுப் பின்னால்தான் வந்து சேரும்.

அருகிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கடற்கழியில் சீல்கள் மிதக்கும் பனிப்பாளங்களில் குட்டி போடுகின்றன. மே முதல் ஆகஸ்ட் வரை சுற்றுலாக் கப்பல்களுக்கு அங்கே தடை. மிக நியாயமான தடை!