பொதுநூலகமும் இலவசக் கணினியும்: படுவான்கரையை முன்வைத்து ஒரு நோக்கு

எழுத்தறியாதவன்மீது எழுத்தறிந்தவனுக்கு அதிகாரம் கிடைக்கின்றது. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையின் சமூக வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கச்சேரிக்கும் வயலில் உழைத்தவனுக்கும் இடையில் ஒரு காலத்தில் போடியாரும், விதானையாரும், கூலிக்குப் 'பெட்டிசம்' எழுதிக் கொடுத்தோரும் நின்றனர். தன் பெயரால் அனுப்பப்படும் விண்ணப்பத்தில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதை அறியாமலே பெருவிரல் அடையாளம் இட்டோர் பலர். 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நிலையைப் படிப்படியாக மாற்றியது. அவ்வாறு தளர்ந்த இடைத்தரகு உறவு, இன்று கணினியின் வழியாக வேறு வடிவிலே மீண்டும் தோன்றுகின்றது. அதனை எதிர்கொள்ளத்தக்க நிறுவனமாகப் பொதுநூலகம் அமையமுடியும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரதீவுப்பற்றின் நிர்வாக மையம் வெல்லாவெளி. பிரதேச செயலகம் இங்கேயே அமைந்துள்ளது. நெல் வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் சுற்றுக் கிராமங்களின் வாழ்வாதாரங்கள். கரையோரப் பெருந்தெருவும் பழைய பெரும் பாடசாலைகளும் எழுவான்கரைக்கே வாய்த்தன. படுவான்கரை மக்கள் பட்டிருப்புப் பாலத்தையும், மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலான படகுத்துறையையும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். போர்க்காலத்தில், 2007 ஆம் ஆண்டு வரையில், அரச நிர்வாகமும் தொடர்பாடல் வசதிகளும் இங்குச் சீராகக் கிடைக்கவில்லை. ஆகவே, ஏனைய பிரதேசங்கள் கணினிக்குப் பழகிக்கொண்ட ஆண்டுகள் இப்பிரதேசத்துக்கு இழப்பாகவே கழிந்தன.

இப்பின்னணியிலேயே அண்மைக்கால மாற்றங்கள் நோக்கப்படல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது எரிபொருள் பெறுவதற்கு இணையவழிப் பதிவும் 'கியூஆர்' குறியீடும் தேவைப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் 'அஸ்வெசும' நலன்புரிக் கொடுப்பனவு தொடர்பான மேன்முறையீடுகளை இணையத்தின் வழியாகவும் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணையவழிக்கு மாறியுள்ளது. குடிமகனுக்கும் அரசுக்கும் இடையிலான வாசல் ஒரு கணினித் திரையாக மாறிவருகின்றது எனலாம்.

அவ்வாசலைத் தானே திறக்கத் தெரியாதவர் கடைத்தெருவிலுள்ள 'கொமியூனிகேசன்' கடைக்குச் செல்கின்றார். அங்கு இளைஞர் ஒருவர் கட்டணம் பெற்றுக்கொண்டு படிவத்தை நிரப்புகின்றார். இக்கடைகள் செய்யும் சேவையைக் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் அங்கு நிகழ்வதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அடையாள அட்டை இலக்கம், கடவுச்சொல், தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டெண் ஆகியன பிறர் கைக்குச் செல்கின்றன. மின்னஞ்சல் முகவரியும் பல வேளைகளில் கடைக்காரரே உருவாக்கியதாகும். அடுத்த முறை விண்ணப்பத்தின் நிலையை அறிய விரும்புபவர் மீண்டும் அக்கடைக்கே செல்லவேண்டும். தன் பெயரால் என்ன கூறப்பட்டது என்பதை அவர் படித்துப் பார்ப்பதுமில்லை. பெருவிரல் அடையாளத்தின் இடத்தைக் கடவுச்சொல் பெற்றுள்ளது.

கைத்தொலைபேசி எல்லோரிடமும் உள்ளதே என்று கூறப்படலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 5 வயது முதல் 69 வயது வரையிலானோரிடையே மேற்கொள்ளும் அளவீடு இங்குப் பயன்தரும். கணினியைத் தானாக இயக்கத் தெரிந்தவரைக் 'கணினி எழுத்தறிவு' உடையவராகவும், கணினியையோ திறன்பேசியையோ இயக்கத் தெரிந்தவரை 'டிஜிட்டல் எழுத்தறிவு' உடையவராகவும் அது வகுக்கின்றது. 2021 ஆம் ஆண்டளவில் நாட்டில் பின்னைய வகையினர் பாதிக்கு மேற்பட்டோராக இருக்க, முன்னைய வகையினர் ஏறத்தாழ மூவரில் ஒருவராகவே இருந்தனர். இவ்விடைவெளி பொருள் பொதிந்தது. தொலைபேசியில் காணொளி பார்ப்பவர் பலர். ஆனால் பல பக்கப் படிவமொன்றை நிரப்பி, ஆவணங்களைப் படியெடுத்து இணைத்து, அச்சிட்டு வைத்துக்கொள்வதற்கு வேண்டிய கருவியும் பழக்கமும் அவர்களுள் எல்லோர்க்கும் இல்லை.

நூலகத்தில் இலவசக் கணினி வைக்கும் முயற்சி இலங்கைக்குப் புதிதன்று. 1989 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கொத்மலைச் சமூக வானொலியை நிலைக்களனாகக் கொண்டு, 1998 ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவுடன் இணையத் திட்டமொன்று உருவாயிற்று. வானொலி நிலையத்தில் மட்டுமன்றிக் கம்பளை, நாவலப்பிட்டிப் பொதுநூலகங்களிலும் மக்கள் இலவசமாக இணையத்தைப் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. நேயர்கள் எழுப்பும் வினாக்களுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, அதனை நேயர்களின் மொழியில் வானொலியிலே விளக்கினர். ஆங்கிலத்தில் கிடந்த செய்தி கிராமத்தவர்க்குப் பயன்பட்டமைக்குக் கருவியைவிட இடையில் நின்று விளக்கிய மனிதரே காரணராவர்.

இதனையடுத்து, 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் 'நெனசல' என்னும் கிராமிய அறிவு நிலையங்களை நாடெங்கும் நிறுவியது. விகாரைகள், கோயில்கள் முதலிய வழிபாட்டிடங்களிலும் அவை இயங்கின. 2014 ஆம் ஆண்டில் கேற்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் பெறுமதியான விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. இது பெருஞ்சாதனையே. ஆயினும் அரச உதவி குறிப்பிட்ட காலத்துக்கே உரியதென்றும், பின்னர் நிலையங்கள் தம் வருமானத்திலே நிலைபெறவேண்டும் என்றும் எதிர்பார்க்கப்பட்டமை அதன் அடிப்படை முரண்பாடாகும். வறியோர்க்கான சேவை வறியோரிடம் பெறும் கட்டணத்தால் நிலைத்தல் அரிது. இதற்கு மாறாக, பொதுநூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் நிரந்தரப் பொறுப்பு. அதன் ஊழியர் மக்கள் வரியிலிருந்து சம்பளம் பெறுவோர். இலாபத்தை நோக்காது நிலைக்கக்கூடிய அமைப்பு அதற்கு ஏற்கெனவே உண்டு.

அவ்வாறாயின் நூலகக் கணினி எவ்வாறு இயங்குதல் வேண்டும்? வருபவர் தம் பெயரைப் பதிந்து, வரையறுக்கப்பட்ட நேரத்துக்குக் கணினியைப் பெறுவார். திரை பிறர் கண்ணில் படாதவாறு அமைதல் வேண்டும். பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுதல், கடவுச்சொல்லைக் கணினியிலே சேமிக்காதிருத்தல், பதிவிறக்கிய கோப்பை அழித்தல் ஆகிய மூன்றும் பொதுக் கணினியின் ஒழுக்கவிதிகள். ஒவ்வொருவரின் அமர்வும் முடிந்தவுடன் அடையாளங்கள் தாமே அழியும்படி கணினியை ஒழுங்குசெய்தலும் இயலும். உதவும் நூலகர் விசைப்பலகையைத் தாம் வாங்கிக்கொள்ளாது, வந்தவரின் கையாலேயே செய்வித்தல் வேண்டும். கடவுச்சொல்லை எழுதும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் வேண்டும். படிவத்தின் வினா என்ன கேட்கின்றது என்பதை விளக்குதல் அவர் கடமை. விடை எது என்பதைத் தீர்மானித்தல் விண்ணப்பதாரரின் உரிமை. இவ்வெல்லை வகுக்கப்படின், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற நூலகரின் நியாயமான அச்சமும் நீங்கும்.

மொழிப் பிரச்சினையும் இதனோடு தொடர்புடையது. இலங்கைத் தமிழர் நெடுங்காலம் 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதிப் பழகியவர்கள். அது ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றியதாகலின், அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ்ச் சொற்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். யூனிகோட் முறையிலோ தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் உண்டு. இணையப் படிவங்கள் அதனையே வேண்டி நிற்கின்றன. ஆகவே தமிழ் யூனிகோட் விசைப்பலகை நிறுவப்படாத கணினி, வெல்லாவெளி வாசகரைப் பொறுத்தவரையில் அரைக் கணினியே.

இத்தகைய உதவி நூலகப் பணிக்குப் புறம்பானதென்று கருதுவாரும் உளர். சீர்காழியிற் பிறந்து நூலகவியலுக்கு உலகப் புகழ் தேடித்தந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் வாசகரின் நேரத்தைப் பேணுவதும் ஒன்றாகும். 2022 ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட இஃப்லா – யுனெஸ்கோ பொதுநூலகக் கொள்கை அறிக்கையும் டிஜிட்டல் திறன்களை வளர்த்தலை நூலகத்தின் பணிகளுள் சேர்த்துள்ளது. நமது மரபும் இதற்கு அந்நியமானதன்று. ஊர் வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளலாம்.

படிவம் நிரப்புதல் தொடக்கமே. 2005 ஆம் ஆண்டிலிருந்து 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் எவரும் இலவசமாகப் படிக்கும் வகையில் சேர்த்துவருகின்றது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்ட அனுபவத்தையுடைய சமூகத்துக்கு இதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. அஸ்வெசும மேன்முறையீட்டுக்காக வந்த தாய்க்கு அருகிலிருந்து, அவர் மகள் அதே கணினியில் தன் ஊரின் வரலாற்றைப் படிக்கும் நிலை உருவாதல் வேண்டும்.

போரதீவுப்பற்றுப் பிரதேச சபையின் நூலகங்களுக்கு வேண்டுவன பெரியனவல்ல: சில கணினிகள், ஓர் அச்சுப்பொறி, சீரான இணைய இணைப்பு, பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர். வயல் வேலை முடித்து வருவோர்க்கு ஏற்ற மாலை நேரமும் வேண்டும். இவற்றுள் உதவியாளரே முதன்மையானவர். ஏனெனில் கருவி பழுதடையினும் புதியதொன்றை வாங்கலாம், ஆனால் கற்பிக்கும் மனிதர் இல்லாதவிடத்துப் புதுக் கருவியும் பூட்டிய அறையிலேயே கிடக்கும். அரசு தன் வாசலைத் திரைக்கு மாற்றியதாயின், அவ்வாசலைத் திறக்கும் திறவுகோலை இலவசமாக வழங்குவதும் அதன் கடமையேயாகும். இலவசக் கல்விக்காக முன்வைக்கப்பட்ட நியாயங்கள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்.