ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள் என்பது நம்ம பக்கம் எல்லாரும் சொல்லும் கணக்கு. இந்த 1212-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எத்தனை?

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டாம். பகா எண்களாகப் பிரித்தால் போதும்: 1212 = 2² × 3 × 101. அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்க: 3 × 2 × 2 = 12. ஆக, 12 காரணிகள்.

இன்னும் 48 தூண் சேர்த்து 1260 ஆக்கியிருந்தால்? 1260 = 2² × 3² × 5 × 7. காரணிகள் 3 × 3 × 2 × 2 = 36. மூணு மடங்கு! 1260-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 36 காரணிகள் கிடையாது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் இப்படிக் காரணிகளின் எண்ணிக்கையில் முந்துவதுதான் ‘உயர் பகு எண்’.

இவற்றை ஆழமாக ஆராய்ந்தவர் ராமானுஜன். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அடுத்த மாதமே அவர் சென்னையில் கப்பலேறினார். 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை வந்தது. அதில் 6,74,632 கோடியைத் தாண்டி, 6746328388800 வரை போகும் பட்டியல் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு.

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டுவிட்டது: 293318625600.

பிரிச்சுப் பார்த்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600, அதற்கு 4800. அடுத்தது 321253732800, அதற்கு 5376. நடுவில் இருக்கும் 5040-தான் காணோம்.

அப்போ ராமானுஜனின் தேற்றம் தப்பா? இல்லை. பகா எண்கள் ஏற ஏற அடுக்குகள் ஏறக்கூடாது என்பது அதில் ஒரு விதி. நம்ம எண்ணின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. விதிக்கு அப்படியே அடங்குகிறது. ஆனால் விதிக்கு அடங்குவதெல்லாம் உயர் பகு எண் ஆகிவிடாது. 30 = 2 × 3 × 5 விதிக்கு அடங்கும்; அதன் 8 காரணிகளை 24 ஏற்கெனவே எட்டிவிட்டதால் பட்டியலில் இடமில்லை. ஆக, தேற்றம் உருவத்தைத்தான் சொல்லும். எது முந்துகிறது என்பதை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கணும். நழுவியது அந்த ஒப்பீட்டில்தான். நிரூபணத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. அவர் பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்க. மீதி வராது, ஈவாக வருவது, விடுபட்ட அதே 293318625600.