கைக்கு அடக்கமான லென்ஸ்: தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்ற ஆண்டு நமது சங்க வாசகர் கூட்டத்தில் கல்வெட்டுப் படங்களைக் காட்டிப் பேசினேன். பேச்சு முடிந்ததும் கல்வெட்டைப் பற்றிக் கேட்டவர்களைவிட, என் தோளில் தொங்கிய கேமராவைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். "இத்தினியூண்டு லென்ஸா? இதிலா இவ்வளவு தெளிவா எடுத்தீங்க? ஆட்டோ ஃபோகஸ் கூட இல்லையாமே?" என்று ஆளுக்கொரு கேள்வி. அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை ஒருசேரச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் முறையாகப் படித்த புகைப்படக் கலைஞன் அல்லன், பாத்திர வியாபாரி. வாங்கி, ஏமாந்து, விற்று, மறுபடி வாங்கிக் கற்றுக்கொண்டவன். அந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு சுவர் போன கதை

முதலில் என்னிடம் இருந்தது பெரிய எஸ்.எல்.ஆர். கேமரா. ஜூம் லென்ஸும் சேர்ந்தால் பை இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஒருமுறை உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். கல்யாணத்திற்கு எதற்கு இந்தச் சுமை என்று பையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். காலையில் காலார நடந்தபோது, அங்கிருந்த சிறு கோயிலின் அதிட்டானத்தில், குமுதப்படையை ஒட்டி, நான்கு வரித் தமிழ்க் கல்வெட்டு கண்ணில் பட்டது. கையிலிருந்த திருமணப் பத்திரிகையின் பின்புறம் ஒன்றரை வரியைப் படித்து எழுதினேன். மீதியை அடுத்த மாதம் வந்து படமெடுப்போம் என்று திரும்பினேன். கடையில் பண்டிகை வியாபாரம். நான்கு மாதம் ஓடிவிட்டது. மறுபடி போனபோது திருப்பணி நடந்து முடிந்திருந்தது. அதிட்டானம் முழுக்க எனாமல் பெயின்ட். எழுத்தின் பள்ளமெல்லாம் நிரம்பி வழவழவென்று இருந்தது. மைப்படி எடுக்கவும் வழியில்லை. அந்த ஒன்றரை வரி மட்டும் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

குற்றம் திருப்பணி செய்தவர்கள் மீது மட்டும் இல்லை. என் சோம்பல் மீதும், அந்தப் பையின் கனத்தின் மீதும் இருக்கிறது. கேமரா எவ்வளவு உயர்ந்ததானாலும் வீட்டில் கிடந்தால் படம் எடுக்காது. எனவேதான் சின்ன லென்ஸைத் தேட ஆரம்பித்தேன்.

ஆடி போனதால் வந்த லாபம்

எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் லென்ஸுக்கும் படத்தளத்துக்கும் நடுவே சாய்வாக ஓர் ஆடி நிற்கும். படம் எடுக்கும்போது அது மேலே தூக்கிக்கொள்ளும். அது அசைய இடம் வேண்டும் என்பதால், லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து படத்தளம் வரை நாலரை சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுவைத்தார்கள். இந்த இடைவெளியை 'இருக்கைத் தூரம்' என்று வைத்துக்கொள்வோம். நிக்கான் எஃப் வகைக்கு 46.5 மி.மீ., ஒலிம்பஸ் ஓ.எம். வகைக்கு 46 மி.மீ., பென்டாக்ஸ் கே வகைக்கு ஏறத்தாழ 45.5 மி.மீ.

மிரர்லெஸ் கேமராவில் அந்த ஆடி இல்லை. 2008இல் பானசோனிக் ஜி1 வந்தது. 2013இல் சோனி ஏ7, பழைய ஃபிலிம் அளவுக்கே முழுச் சென்சாருடன் வந்தது. சோனி இ வகையின் இருக்கைத் தூரம் வெறும் 18 மி.மீ. நிக்கான் இசட் 16 மி.மீ., கேனான் ஆர்.எஃப். 20 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ஏறத்தாழ 19 மி.மீ. மிச்சப்பட்ட இடத்தில் ஒரு வெற்று உலோக வளையத்தைப் பொருத்தினால், எந்தக் கம்பெனியின் பழைய லென்ஸும் சரியான தூரத்தில் உட்கார்ந்துவிடும். இந்த வளையத்துக்குத்தான் அடாப்டர் என்று பெயர். உள்ளே கண்ணாடி கிடையாது. ஆகவே படத்தின் தரம் குறையாது. ஐம்பது ஆண்டு லென்ஸுகளெல்லாம் மறுபிறவி எடுத்தது இப்படித்தான்.

மூடியோடு சேர்த்து நிறுக்க வேண்டும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். லென்ஸை மட்டும் பார்த்து 'சின்னது' என்று வாங்கினால் போதாது. எங்கள் வியாபாரத்தில் தூக்குவாளியை மூடியோடு சேர்த்துத்தான் நிறுப்போம். லென்ஸையும் அடாப்டரோடு சேர்த்தே அளக்க வேண்டும்.

ஒலிம்பஸ் ஓ.எம். 50 மி.மீ. எஃப் 1.8 என்ற லென்ஸ் ஏறத்தாழ 170 கிராம்; நீளம் 3 செ.மீ. அவ்வளவுதான். 1972இல் வந்து பிறகு ஓ.எம்.-1 என்று பெயர் மாறிய கேமராவுக்காக, மைத்தானி என்ற பொறியாளரின் வழிகாட்டுதலில் கேமராவும் லென்ஸும் சேர்ந்தே சிறுத்த வரிசையைச் சேர்ந்தது அது. ஆனால் சோனியில் மாட்ட 46இல் 18 போக 28 மி.மீ. வளையம் தேவை. மொத்தம் ஏறத்தாழ 6 செ.மீ. ஆகிவிடுகிறது. பென்டாக்ஸ் எம் 40 மி.மீ. எஃப் 2.8 அப்பளம் போல 18 மி.மீ. தடிமன்தான், அதன் அடாப்டரோ லென்ஸைவிட நீளம்!

மாறாக, லைக்கா எம் வகை ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் ஆரம்பத்திலிருந்தே ஆடி கிடையாது. இருக்கைத் தூரம் 27.8 மி.மீ. சோனிக்கு வேண்டிய வளையம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஜப்பானியக் கோசினா நிறுவனம் 1999 முதல் ஃபோக்ட்லாண்டர் என்ற பழைய ஜெர்மானியப் பெயரில் லென்ஸ்கள் செய்துவருகிறது. அவர்களது கலர் ஸ்கோபார் 35 மி.மீ. எஃப் 2.5 ஏறத்தாழ 134 கிராம், நீளம் 2.3 செ.மீ.; வளையத்தோடு சேர்ந்தும் மூன்றேகால் செ.மீ.தான். சட்டைப்பையில் போகும்.

ஆகவே சுருக்கமான விதி இது: கேமரா மெலிதாகவே இருக்க வேண்டுமானால் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ், விலை மலிவாக வேண்டுமானால் பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸ். மூன்றாவது வழியும் உண்டு. மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்த கைமுறை லென்ஸ்களை ஃபோக்ட்லாண்டரும், டி.டி.ஆர்ட்டிசன், செவன் ஆர்ட்டிசன்ஸ் போன்ற சீனத் தயாரிப்பாளர்களும் விற்கிறார்கள். அவற்றுக்கு அடாப்டரே வேண்டாம்.

எவ்வளவு கிட்டப் போக முடியும்?

சின்னது என்ற ஒன்றையே பார்த்து ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வாங்கினேன். கோயிலில் கல்லருகே போனால் ஃபோகஸ் ஆகவில்லை. அவ்வகை லென்ஸ்களில் பெரும்பாலானவை 70 செ.மீ. முதல் 1 மீட்டருக்குக் கிட்டே வராது. 35 மி.மீ. லென்ஸில் 70 செ.மீ. தூரத்தில், முழுச் சென்சாரில் அடங்குவது ஏறத்தாழ 65 x 43 செ.மீ. பரப்பு. ஒரு கல்வெட்டின் சில வரிகளுக்கு இது போதும். ஆனால் தேய்ந்துபோன ஒற்றை எழுத்து றகரமா, ரகரமா என்று பார்க்கவோ, ஓலைச்சுவடியைப் படமெடுக்கவோ போதாது. 45 செ.மீ. வரை கிட்டப் போகும் 50 மி.மீ. எஸ்.எல்.ஆர். லென்ஸில் 25 x 16 செ.மீ. பரப்பே சட்டத்தை நிரப்பிவிடும். எழுத்து அத்தனை பெரிதாக விழும்.

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸையே வைத்துக்கொண்டு கிட்டப் போக விரும்பினால், திருகினால் நீளும் மரை வைத்த அடாப்டர் கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதல் விலை. கொடுத்த காசுக்குப் பழுதில்லை.

அகலக் கோணத்தில் ஓரம் கெடும்

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களில், 28 மி.மீ.க்குக் கீழே போகும்போது இன்னொரு சிக்கல். லென்ஸின் பின்புறம் படத்தளத்துக்கு மிக அருகே இருப்பதால், ஓரங்களில் ஒளி மிகவும் சாய்வாக விழுகிறது. ஃபிலிமுக்கு அது பொருட்டில்லை. டிஜிட்டல் சென்சாரின் மேலே ஒரு கண்ணாடித் தகடு உண்டு. சாய்ந்து வரும் ஒளி அதனூடே போகையில் ஓரம் குழம்பும், சில சமயம் ஊதாச் சாயமும் படியும். ஃபோக்ட்லாண்டர் 21 மி.மீ. எஃப் 4 வெறும் 136 கிராம். பார்க்க ஆசையாக இருக்கும். சோனி முழுச் சென்சாரில் மூலைகள் ஏமாற்றிவிடும். சுவர் முழுதும் எழுத்திருக்கையில் மூலை எழுத்து போனால் என்ன பயன்? எனவே அகலக் கோணம் தேவையானால், எஸ்.எல்.ஆர்.க்காகச் செய்ததையோ மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்ததையோ வாங்குவதே உத்தமம்.

சிறிய சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். ஏ.பி.எஸ்.-சி வகையில் 50 மி.மீ. லென்ஸ், 75 மி.மீ. போலவும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 மி.மீ. போலவும் குறுகலாகக் காட்டும். குறுகிய பிராகாரத்தில் பின்னால் நகர இடமிருக்காது. அவர்களுக்கு 28 மி.மீ., 24 மி.மீ. லென்ஸ்களே நடைமுறைக்கு ஏற்றவை.

வயசான கண்ணும் கைமுறை ஃபோகஸும்

'அறுபது தாண்டியவருக்குக் கையால் ஃபோகஸ் செய்ய முடியுமா?' என்று கேட்கலாம். எனக்கு இடக்கண்ணில் கண்புரை அறுவை ஆனது. பழைய கேமராவின் மங்கலான திரையில் என்னால் முடியாமல்தான் போயிற்று. மிரர்லெஸ்ஸில் முடிகிறது. இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, தெளிவாக விழுந்த விளிம்புகளைச் சிவப்பிலோ மஞ்சளிலோ கோடிட்டுக் காட்டும் பீக்கிங். மற்றது, படத்தின் ஒரு பகுதியைப் பலமடங்கு பெருக்கிக் காட்டுவது. பீக்கிங்கை மட்டும் நம்பினால் மோசம் போவோம். துளையைச் சுருக்கினால் எல்லாமே தெளிவு போல அது காட்டும். என் வழக்கம், பெருக்கிப் பார்த்து ஒரே ஓர் எழுத்தின் விளிம்பில் ஃபோகஸ் வைப்பது. அப்புறம் எஃப் 8.

பிராகார இருட்டில் கருங்கல்லைப் பார்த்து ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கையால் வைத்த ஃபோகஸ் வைத்த இடத்தில் நிற்கும். எஃப் 5.6க்கும் 8க்கும் நடுவே சாதாரண 50 மி.மீ. லென்ஸ்கூட மூலை வரை கூர்மையாக இருக்கும். ஆகவே எஃப் 1.2, 1.4 என்று பெரிய துளைக்குப் பணமும் கனமும் கொடுக்கத் தேவையில்லை. கல்லெழுத்துக்கு வேண்டியது பெரிய துளை அல்ல. பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சம்.

அடாப்டர் மாட்டியதும் இரண்டு வேலை செய்ய மறக்கக்கூடாது. கேமராவின் அமைப்பில், லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதி கொடுக்க வேண்டும். இல்லையேல் பித்தான் அழுந்தாது. கேமராவில் அசைவைத் தாங்கும் வசதியிருந்தால் லென்ஸின் குவிய தூரத்தை நாமே எண்ணாக அதில் கொடுக்க வேண்டும்.

பழையது வாங்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்

பாத்திரத்தில் ஓட்டையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். லென்ஸுக்கும் அதே சோதனைதான். துளையை முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள்.

1. சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர் ஈரத்தில் இது சகஜம். தவிர்ப்பது நல்லது.

2. பனி படர்ந்தாற்போல வெண்மை தெரிந்தால் படம் வெளிறும். வேண்டாம்.

3. துளை இதழ்களில் எண்ணெய் மினுக்கினால் அவை ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யும் கூலியைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

4. உள்ளே நாலு தூசி, முன்கண்ணாடியில் ஒரு கீறல்: பரவாயில்லை. இதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

5. ஃபோகஸ் வளையம் தேன் போல ஒரே சீராகச் சுழல வேண்டும். மணல் அரைபடுவது போல இருந்தால் விட்டுவிடுங்கள்.

6. துளையை மாற்றும் வளையம் லென்ஸிலேயே இருக்க வேண்டும். நிக்கானின் ஜி வகை லென்ஸ்களில் அது இல்லை. வெற்று அடாப்டரில் துளையை மாற்ற வழியிருக்காது.

வாங்கியபின் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா போதும். அதைவிட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

என் தேர்வு

இப்போது என் கைப்பையில் இருப்பவை இரண்டே லென்ஸ்கள். தினமும் கேமராவிலேயே இருப்பது 35 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ், எழுத்துக்குக் கிட்டப் போக ஓ.எம். 50 மி.மீ. எந்த ஊருக்குக் கிளம்பினாலும், கல்யாணமோ கருமாதியோ, கூடவே வருகின்றன. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்பவருக்கு, கல்வெட்டோ சுவடியோ நோக்கமானால், சற்றே நீண்டாலும் பழைய 50 மி.மீ.யைத்தான் சொல்வேன். பயணமும் தெருவும் நோக்கமானால் 35 போதும்.

நாம் பிழைக்க வந்த இந்தப் பெங்களூரில் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோலாரில் கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ் எழுத்தைக் காணலாம். நமக்கு வெகுகாலம் முன்பே இங்கு வந்து கல்லில் ஏறிய எழுத்து அது. பெயர்பெற்ற கோயில்களைத் தொல்லியல் துறை படியெடுத்துவிட்டது. சிற்றூர்ச் சுவர்களுக்கும், வயல்நடுவே சாய்ந்து நிற்கும் தனிக்கற்களுக்கும் யார் இருக்கிறார்கள்? அந்த வழியாக அடுத்து நடந்து போகப்போகிறவர் நீங்களாக இருக்கலாம். பெயின்ட் டப்பா வருமுன் கேமரா வரட்டும்.