பதிவேட்டில் இல்லாத புற்றுநோய்

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 81,748 பேர். அதே ஆண்டில் அந்த நோயால் இறந்தவர்கள் 75,031 பேர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீடு இது. நூறு பேருக்கு நோய் வந்தால் தொண்ணூற்றிரண்டு பேர் போய்விடுகிறார்கள் என்று பொருள். மார்பகப் புற்றுநோயில் இதே கணக்கு நூற்றுக்கு ஐம்பத்தொன்று.

நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஐந்து சாவுக்குச் சற்று மேல். விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் இருக்கிற கண்டாச்சிபுரம் பக்கம் போய் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். “எங்க பக்கம் அந்த நோயெல்லாம் அவ்வளவா இல்லீங்க” என்றுதான் பதில் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. இறப்புப் பதிவேட்டைப் புரட்டினாலும் அப்படித்தான் தெரியும். அந்த நிம்மதியை நம்பக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதிவேடு எப்படி நிரம்புகிறது? கிராமத்தில் ஒருவர் வீட்டிலேயே இறந்தால் 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். மகனோ மருமகனோ போகிறார். என்ன காரணம் என்று கேள்வி வருகிறது. “மூச்சு வாங்கிட்டே இருந்தாருங்க, சோறு எறங்கல, ஆளு பாதியாயிட்டாரு.” இதில் ஒரு மருத்துவர் காது கொடுக்க வேண்டிய மூன்று குறிகள் இருக்கின்றன. ஏட்டில் விழுவதோ ‘மூச்சுத் திணறல்’ அல்லது ‘வயது முதிர்வு’. கேட்பவர் மருத்துவர் இல்லை. சொல்பவருக்கு வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், இன்சூரன்ஸ் என்று தலைக்கு மேல் வேலை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு புற்றுநோய்ச் சாவு அந்த இடத்தில் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. 2020இல் நாடு முழுவதும் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டுமே.

இதைச் சோதித்துப் பார்த்த இடமே விழுப்புரம்தான் என்பது இந்த மாவட்டத்துக்காரர்கள் பலருக்கும் தெரியாது. 1990களின் பிற்பாதியில், சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவுடன் சேர்ந்து ஒரு பெரிய வேலையை எடுத்தார். நகரத்துக்குச் சென்னை, நாட்டுப்புறத்துக்கு விழுப்புரம் மாவட்டம். இறந்தவர்களின் வீடுகளுக்கு ஆட்கள் போனார்கள். உடலைக் கூறு போடாமல், குடும்பத்தாரின் வாய்ச்சொல்லிலிருந்து சாவின் காரணத்தைத் தேடும் முறை அது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள்: இருமல் எத்தனை மாதமாக? சளியில் ரத்தம் வந்ததா? உடம்பு இளைத்ததா? எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள், என்ன சொன்னார்கள்? பதில்களை எழுதி வந்தார்கள், மருத்துவர்கள் படித்து முடிவு செய்தார்கள்.

சென்னையில் 48,000, விழுப்புரத்தில் 32,000, ஆக 80,000 பெரியவர்களின் சாவுகள் இப்படி விசாரிக்கப்பட்டன. 2004இல் முடிவு அச்சாயிற்று. விழுப்புரம் கிராமங்களில் காரணம் தெரியாது அல்லது தெளிவில்லை என்று கிடந்த சாவுகள் விசாரணைக்கு முன் 41 சதவீதம், பின் 26 சதவீதம். சென்னையில் 54 சதவீதம் 23 ஆனது. அதாவது கேட்டால் சொல்ல ஆள் இருந்தார்கள். கேட்கத்தான் யாரும் போகவில்லை. பின்னால் நாடெங்கும் நடந்த ‘பத்து லட்சம் மரண ஆய்வு’ம் வீடு தேடிப் போய்க் கேட்கும் இதே வழியில்தான் நடந்தது. அதன் புற்றுநோய்க் கணக்கு 2012இல் வந்தபோது, 30 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களில் லட்சத்துக்கு நகரத்தில் 102.4, கிராமத்தில் 95.6 புற்றுநோய்ச் சாவுகள். பெண்களில் கிராமம்தான் ஒரு படி மேலே: நகரத்தில் 91.2, கிராமத்தில் 96.6. புற்றுநோய் பட்டணத்து நோய் என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

அதே கஜலட்சுமி, பீட்டோ குழு 2003இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். சென்னையிலும் விழுப்புரத்திலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். பீடி, சிகரெட் பிடித்தவர்கள் காசநோயால் இறப்பது பிடிக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைதான் காரணம் என்று எழுதினார்கள். மேல்நாட்டில் புகையின் கொடுமையை நுரையீரல் புற்றுநோயை வைத்து அளந்தார்கள். நம் ஊரில் அதே புகை காசநோயாக, இழுப்பாக, மாரடைப்பாக வந்து முன்னமே ஆளைக் கொண்டுபோகிறது. புற்றுநோய் வரும் வயது வரை அவர் இருப்பதில்லை. ஆகவே நுரையீரல் புற்றுநோய் எண் தேசிய எண்ணுக்குக் கீழே இருக்கிறது என்பதால் ஒரு வட்டாரத்தின் நுரையீரல்கள் நலமாக இருக்கின்றன என்று ஆகிவிடாது.

காசநோய் வேறொரு வகையிலும் கணக்கைக் குழப்பும். நாள்பட்ட இருமல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் மூன்றும் காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பொது. எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு இரண்டிலும் தெரியும். டி.பி. மாத்திரையில் மாதங்கள் கழிந்த பிறகு, குணமில்லை என்று ஸ்கேன் எடுத்துப் புற்று என்று தெரிந்தவர்கள் இந்தியாவெங்கும் உண்டு. கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்தவர்களுக்கு இன்னும் சிக்கல். திருவக்கரைப் பக்கம் கல்லுடைத்தவர்களின் நெஞ்சுக்குள் போகிற சிலிக்கா தூசி, 1997இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உறுதி செய்யப்பட்டது. அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸும் பார்வைக்குக் காசநோய் போலவே இருக்கும்.

எண்களை ஒப்பிடுகிறவர்கள் விழும் பள்ளங்கள் வேறு சில உண்டு. இறப்பு, நடந்த இடத்தில் பதிவாகும். கண்டாச்சிபுரத்துக்காரர் ஜிப்மரில் இறந்தால் பதிவு புதுச்சேரியில். புற்றுநோய்ப் பதிவகம் மட்டுமே சொந்த ஊரைப் பார்த்துக் கணக்கிடும். சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையம் அதைச் செய்கிறது, 2012 முதல் மாநிலம் முழுவதற்கும். ஆனால் பயாப்சி வரை போகாமல் வீட்டிலேயே முடிந்துபோனவர் அந்தப் பதிவகத்துக்கும் எட்டுவதில்லை.

வயதும் உண்டு. 2021 கணிப்பின்படி 60 வயதைக் கடந்தோர் நாட்டில் 10.1 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6 சதவீதம். முதியவர் அதிகமான இடத்தில் புற்றுநோய்ச் சாவு கூடத்தான் இருக்கும். வயதைச் சமன்செய்யாமல் தேசிய எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவது தவறு. லட்சம் பேர் உள்ள வட்டாரத்தில் ஐந்து சாவு சராசரி என்றால், ஒரு வருடம் இரண்டும் மறு வருடம் ஒன்பதும் வெறும் தற்செயலாகவே வரும். இரண்டு வந்த வருடம் ‘குறைந்துவிட்டது’ என்றும், ஒன்பது வந்த வருடம் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்றும் பேசுவதில் பயனில்லை. பத்து ஆண்டையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரப்போவதைச் சொல்லும் எண் வேறு இடத்தில் இருக்கிறது. பெரியவர்களிடம் புகையிலைப் பழக்கத்தை அளந்த இரண்டு தேசியக் கணக்கெடுப்புகளுக்கு இடையில், 2009-10இலிருந்து 2016-17க்குள், இந்தியாவில் அது 34.6 சதவீதத்திலிருந்து 28.6க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20.0க்கு ஏறியது. இன்னமும் நாம் தேசிய அளவுக்குக் கீழேதான். ஆனால் போகிற திசை எதிர். பீடியைப் பற்றவைத்ததற்கும் நுரையீரலில் கட்டி தெரிவதற்கும் இடையில் இருபது, முப்பது ஆண்டுகள் உண்டு. இன்றைய சாவு எண் 1990களின் புகையைச் சொல்கிறது. இந்த ஏற்றத்தின் கணக்கு 2040களில்தான் வரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் கிருமி இல்லை என்று வந்தும் இருமல் நிற்காவிட்டால், டி.பி. மாத்திரை சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போனால், “சி.டி. ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடமுண்டு.

வீட்டில் ஒருவர் போய்விட்டால், கருமாதி முடிந்த கையோடு எக்ஸ்ரே, சீட்டு, மருந்துப் பை எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிடாதீர்கள். இறப்பைப் பதியப் போகும்போது அந்தப் பையையும் கொண்டுபோங்கள். டாக்டர் எழுதிய நோயின் பெயரை அப்படியே எழுதச் சொல்லுங்கள். இறப்பு அறிக்கைப் படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இறந்தவர் புகைப்பிடிப்பவர் என்றால் எத்தனை ஆண்டுகளாக? முப்பது வருடம் பீடி பிடித்தவர் என்றால், அந்தக் கட்டத்தில் 30 என்று இருக்கட்டும்.