பிடி கோணினால் வேலையும் கோணும்

நீராவி இயந்திரங்களைச் சிற்றுருவில் தம் கையாலேயே செய்து ஓட்டி மகிழும் பொழுதுபோக்கு இங்கிலாந்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அதற்கெனவே 1898ஆம் ஆண்டில் பேர்சிவல் மார்ஷல் என்பார் ‘மொடல் எஞ்சினியர்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். இக்கலையிற் புகுவோர் பலர் முதலிற் செய்து பழகுவது ‘ஸ்ரூவட் 10வீ’ என்னும் சிற்றியந்திரமாகும். அதன் உருளையின் உள்விட்டம் முக்கால் அங்குலமே. இத்துணைச் சிறிய பொருளில் மயிரிழைப் பிழையும் பெரும்பிழையாகிவிடும்.

நாமும் ஒருகால் இத்தகைய உருளையொன்றின் முகத்தை மில்லிங் பொறியிற் சீவினோம். வெட்டுக்கருவி கூரியது; அளவும் கவனமாகவே எடுத்தோம். எனினும் பொருத்தியபோது வால்வுத் தண்டு இறுகி நின்றது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால், சீவிய முகம் சரிந்திருந்தது! பல மாலைப்பொழுதுகளின் உழைப்பு வீணாயிற்று. குற்றம் பொறியிலன்று, பொருளைப் பற்றியிருந்த மலிவான வைஸிலேயே இருந்தது.

வைஸுக்குத் தாடைகள் இரண்டு. ஒன்று அசையாதது, மற்றையது திருகினால் நகர்ந்து பொருளை நெருக்குவது. திருகு தாழவும் பொருள் மேலும் இருப்பதால், இறுக்கும்போது நகரும் தாடை சற்றே மேலெழ முயலும். தளர்வான வைஸில் அது பொருளையும் உடன் தூக்கிவிடும்.

ஆகவே, வாங்கப் புகுவோர் வண்ணப்பூச்சையும் எடையையும் கண்டு மயங்காது மூன்று சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவதாக, மூலைமட்டத்தை வைஸின் தளத்தில் நிறுத்தி அசையாத் தாடையோடு பொருத்துக. இடையே ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அத்தாடை செங்குத்தாக இல்லை.

இரண்டாவதாக, சமகனமுள்ள இரு உருக்குப் பட்டைகளின்மேல் ஒரு துண்டை வைத்து இறுக்குக. இறுக்கியபின் பட்டை தளர்ந்து ஆடினால், தாடை பொருளைத் தூக்குகின்றது என்பது தெளிவு.

மூன்றாவதாக, வைஸைச் சமதளத்தில் இருத்தி, டயல் மானியை அதன் தளத்தின்மீது ஓட்டுக. 100 மில்லிமீற்றர் நீளத்தில் முள் 0.02 மில்லிமீற்றருக்கு மேல் அசைந்தால் அவ்வைஸை விடுத்தல் நன்று என்பது எமது கருத்து.

சாய்வான திருகினால் தாடையை முன்னும் கீழும் ஒருங்கே இழுக்கும் ‘டூல்மேக்கர்’ வைஸ் சிறு பொறிகளுக்கு மிக உகந்தது. சுழலும் அடித்தளம் கவர்ச்சியானதே. ஆயினும் அது உயரத்தைக் கூட்டி, வெட்டுக்கருவிக்குரிய இடத்தைக் குறைத்துவிடும்.

புதியது வாங்கப் பொருள்வசதி இல்லாத மாணவர் சோர்வடைய வேண்டுவதில்லை. அசையாத் தாடை மட்டும் செம்மையாயிருப்பின், பொருளுக்கும் நகரும் தாடைக்கும் நடுவே ஓர் உருண்டைக் கம்பியைக் கிடையாக வைத்து இறுக்குக. தாடை மேலெழுந்தாலும் கம்பி உருளுமேயன்றிப் பொருள் எழாது. அசையாத் தாடையோடு அது ஒட்டி நிற்கும்.

எமது இரண்டாவது உருளையை அதே பழைய வைஸில், இம்முறையிலேயே சீவினோம். நீராவி புகுந்ததும் சக்கரம் தங்குதடையின்றிச் சுழன்றது.