யாரும் கேட்காத காலிங் பெல்

கம்ப்யூட்டரில் எந்தப் புரோகிராமும் ஓடவில்லை. ஆனாலும் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. உடனே வைரஸ் என்று முடிவு கட்டி, ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்பவர்கள் பலர். சில நேரங்களில் காரணம் வைரஸ் அல்ல. பழுதான ஹார்டுவேர் அனுப்பும் இன்டரப்ட். அதைப் பற்றி இங்கு காண்போம்.

இன்டரப்ட் என்றால் என்ன?

கீயை அழுத்தினாலும் நெட்வொர்க்கில் தகவல் வந்தாலும் அந்தச் சாதனம் பிராசசருக்கு ஒரு சிக்னல் அனுப்பும். இதுதான் இன்டரப்ட். பிராசசர் கைவேலையை நிறுத்திவிட்டு, உரிய டிரைவர் புரோகிராமை அழைக்கும்.

பழைய பிசிஐ கார்டுகளில் பல சாதனங்கள் ஒரே இன்டரப்ட் லைனைப் பகிர்ந்துகொள்ளும். மூன்று குடித்தனங்களுக்கு ஒரே காலிங் பெல் இருப்பதைப் போல! மணி அடித்தால் கெர்னல் ஒவ்வொரு டிரைவரிடமும் "உனக்கா?" என்று கேட்கும். கார்டு பழுதாகி மணி நிற்காமல் அடித்தால், எல்லா டிரைவர்களும் "எனக்கில்லை" என்றே சொல்லும். பிராசசருக்குக் கதவைத் திறந்து மூடவே நேரம் போதாது.

லினக்ஸ் செய்யும் வைத்தியம்

லினக்ஸ் கெர்னல் இதைக் கணக்கு வைக்கிறது. ஒரு லைனில் வரும் 1,00,000 இன்டரப்ட்களில் 99,900க்கு மேல் யாரும் ஏற்காவிட்டால், "நோபடி கேர்டு" என்று பதிவு செய்துவிட்டு அந்த லைனையே மூடிவிடும். பிறகு நொடிக்குச் சுமார் 10 முறை தானே போய் அந்தச் சாதனங்களை விசாரிக்கும். அதே லைனில் உள்ள நல்ல சாதனமும் மெதுவாகிவிடும் என்பது இதன் விலை. ஆனால் மொத்தக் கம்ப்யூட்டரும் உறையாது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு டிடிபி கடையில் இதை நேரில் பார்த்தேன். சென்னை சி-டாக் 2007ல் வெளியிட்ட பாஸ் போன்ற லினக்ஸ்தான் அங்கும். பென் டிரைவ் ஆமை வேகத்தில் நகர்ந்தது. வாடிக்கையாளர்களின் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்! "பார்மட் பண்ணிடலாமா தம்பி?" என்றார் கடைக்காரர். "வேண்டாம்ண்ணே" என்று சொல்லி, கெர்னல் பதிவைப் பார்த்தேன். மூடப்பட்ட லைனின் எண் இருந்தது. "ப்ராக்" டைரக்டரியில் உள்ள "இன்டரப்ட்ஸ்" பைலில் அந்த எண்ணுக்கு நேரே யுஎஸ்பி, நெட்வொர்க் கார்டு இரண்டின் பெயரும் இருந்தன. டிஸ்க் வேறு லைனில் இருந்ததால் பைல்கள் பத்திரம். பவரை நிறுத்தி நெட்வொர்க் கார்டைக் கழற்றினோம். கடற்காற்றில் அதன் முனைகள் பச்சை பூத்திருந்தன. வேறு கார்டு போட்டதும் பென் டிரைவ் பழைய வேகத்துக்கு வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் "சிஸ்டம் இன்டரப்ட்ஸ்" வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் அது பிராசசரை அதிகம் விழுங்கினால் ஹார்டுவேரையோ டிரைவரையோ சந்தேகிக்கலாம்.

* முதலில் முக்கியமான பைல்களை நகலெடுங்கள்.

* பிறகு வெளிச்சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் வேகம் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி.

* லினக்ஸில் பயாஸ் கோளாறால் இன்டரப்ட் தவறான லைனில் வந்தால், பூட் செய்யும்போது "ஐஆர்க்யூபோல்" என்ற ஆப்ஷன் தரலாம். வேகம் சற்றுக் குறையும், வேலை நடக்கும்.

பார்மட் செய்வது கடைசி வழியாக இருக்கட்டும்.